பத்து நிமிடம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

கொசு எழுதுவது. இடது கையில் ஊசி, வலது கையில் பேனா. பை காலியாகக் காலியாக உடம்பு தேறிக்கொண்டிருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மாவுக்கு முட்டிவலி தவிர வேறு குறையில்லை.

பிறந்ததிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அடுத்தவர் ரத்தத்தில் உயிர் வாழ்கிறவனுக்குக் கொசு என்று பெயர் வைத்தவள் நீ. எனக்கு அதில் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் அந்த ரத்தம் நேரத்துக்கு வராததில்தான். இன்று எட்டரைக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பை வந்தது பதினொன்றுக்கு. கேட்டால், "ரத்த வங்கியில இன்னும் ரிலீஸ் ஆகலையாம், அடுத்த வண்டிலதான் வரும்" என்கிறார் சிஸ்டர். ஐந்தாறு தடவையாக இதே கதை. உதடெல்லாம் வெளுத்து, ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்கார அம்மா மயங்கியே சரிந்துவிட்டார்.

அந்த ரத்த வங்கியின் வெளியூர்த் தலைமை ஆபீஸில் வேலை பார்ப்பவள் நீ. கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து என்னதான் செய்கிறீர்கள், தாயம் ஆடுகிறீர்களா?

பதிலை வழக்கம்போல வார்டு விலாசத்துக்கே போடு. சிஸ்டர் டிராயரில் வைத்திருந்து தருவார். வீட்டுக்குப் போட்டால் அம்மா பிரித்துவிடுவாள். வீட்டில் இருப்பது ஒரே ஃபோன். அதையும் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். நீ அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் தெருவே நலம் விசாரிக்கும்.

உன் தம்பி,
கொசு

ஜனவரி 20

அன்புள்ள கொசுவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாடும் தூக்கமும் நேரத்துக்கு நடக்கின்றன. குளிருக்கு ஒரு போர்வையாவது எடுத்துக்கொண்டு போயேன்.

தாயம் ஆடவில்லை ஐயா, உன் பைக்குத்தான் வழி திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறேன். என் வேலை என்னவென்று கேட்டாயே, சொல்கிறேன். இங்கே எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்ள ஒரு ஷெட்யூலர் இருக்கிறது. நான் அதை வாட்ச்மேன் என்பேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிபந்தனை கட்டிவைப்பது என் பொறுப்பு: இந்த ஃபைல் வந்தால்தான் இந்த வேலை ஓடும், இல்லாவிட்டால் வாசலிலேயே காத்திருக்கும்.

காலையில் லேபிலிருந்து ஒரு ஃபைல் வரும். முதல் பரிசோதனையில் சந்தேகம் தட்டிய பைகளின் எண்கள் அதில் இருக்கும். அவற்றை நிறுத்திவைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத மற்ற பைகளுக்கெல்லாம் "போகலாம்" என்று முத்திரை விழும். ஃபைல் வந்ததும் வாட்ச்மேன் உடனே கதவைத் திறக்கமாட்டான். வந்தது அப்படியே இருக்கிறதா, இன்னும் வளர்கிறதா என்று பத்து நிமிடம் பார்ப்பான். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பத்து நிமிடத்தில் எட்டு மணி வண்டி போய்விடுகிறது. அடுத்த வண்டி பத்து மணிக்கு. உன் நடுக்கத்துக்கு மூலம் அதுதான்.

லேப் ஃபைல் ஒரு விநாடியில் வந்து விழுகிறது. அதற்கு எதற்குப் பத்து நிமிடக் காவல்? நேற்று அதைப் பூஜ்யமாக்கிவிட்டேன். மேலாளரிடம் சொன்னேன், தலையை ஆட்டினார். காதில் விழுந்ததா என்பது அவருக்கே வெளிச்சம்.

இனி உன் பை உனக்கு முன்னால் வந்து நிற்கும். அம்மாவின் முட்டிக்கு ஒத்தடம் கொடு.

அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

கொசு பரம சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

மந்திரம் போட்டாயா என்ன? நான் வார்டுக்குள் நுழையும்போதே பை கம்பியில் தொங்குகிறது! பத்தரைக்கெல்லாம் பாதி இறங்கிவிட்டது. பக்கத்து நாற்காலி அம்மாவிடம், "எங்க அக்கா பண்ணின வேலை" என்று பீற்றிக்கொண்டேன். "மகராசி, நல்லா இருக்கட்டும்" என்றார். மதியமே கடைக்குப் போய் நான்கு மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தீட்டிவிடலாம். முதலாளி மூக்கில் விரலை வைக்கப் போகிறார்.

உன்னை மாதிரி ஆள் உள்ளே இருக்கும்போது எனக்கென்ன கவலை.

அன்புடன்,
கொசு

பிப்ரவரி 25

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? காய்ச்சல், அசதி, பசியின்மை என்று ஏதாவது உண்டா? உண்டென்றால் மறைக்காமல் எழுது.

ஒரு சின்ன விஷயம். 23ஆம் தேதி உனக்கு ஏற்றிய பையின் எண் வேண்டும். உன் சிகிச்சை அட்டையில் ஒட்டியிருப்பார்கள். எட்டு இலக்கம், ஒரு சிறு கோடு, அதற்குப் பிறகு ஓர் இலக்கம். அப்படியே பார்த்து எழுதி அனுப்பு. ஆபீஸில் ஒரு சரிபார்ப்பு, அதற்காகத்தான். ஃபோனில் சொல்ல வேண்டாம், அம்மா ஆயிரம் கேள்வி கேட்பாள்.

இந்தக் கடிதம் டிராயரில் கிடக்கும், அடுத்த தடவைதான் உன் கைக்கு வரும் என்று தெரியும். வார்டுப் பக்கம் முன்னதாகவே போகிற வேலை இருந்தால் போய் வாங்கிக்கொள்.

அக்கா

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று ஃபோனில் உன் குரலைக் கேட்டேன். சிரித்தாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் என்னால் எதுவும் கேட்க முடியவில்லை. என் கடிதம் கிடைத்ததா என்றுகூடக் கேட்க முடியவில்லை. வார்டுக்கு ஃபோன் போட்டேன். நோயாளியின் விவரம் ஃபோனில் தரமாட்டார்களாம். நியாயம்தான்.

எண்ணை மட்டும் அனுப்பு. வேறொன்றும் எழுத நேரமில்லை என்றால் எண்ணை மட்டும் ஓர் அட்டையில் எழுதிப் போடு. நான் இங்கே சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆபீஸில் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுகிறேன். சும்மா வேலை அதிகம், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், அம்மா சுகம், கடை முதலாளிகூடச் சுகம்.

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. என்ன அவசரம், பையையே திருப்பி அனுப்பச் சொல்வாய் போலிருக்கிறதே. அதெல்லாம் ஜீரணமாகிவிட்டது. எண் இதோ: 31084612-4. போதுமா?

காய்ச்சல் இல்லை, அசதி இல்லை, பசி யானைப் பசி. இன்று பை வரக் கொஞ்சம் தாமதம். நான் போர்வை கொண்டுவந்திருந்தேன். நீ உன் வேலையைப் பார், கண்டதையும் நினைத்து இளைத்துப் போகாதே.

கொசு

மார்ச் 22

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது தைரியமில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ எழுதிய எண்ணில் ஒரு பை இந்த உலகத்திலேயே கிடையாது.

கோட்டுக்குப் பிறகு ஓர் இலக்கம் இருக்கிறதே, அது அழகுக்கு வைத்ததில்லை. முதல் இலக்கத்தை ஒன்றால், இரண்டாவதை இரண்டால், இப்படி எட்டு வரைக்கும் பெருக்கிக் கூட்டி, பதினொன்றால் வகுத்தால் மிச்சம் அந்த இலக்கம் வர வேண்டும். எழுதும்போது யாராவது ஒரே ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதினாலும் பிடித்துக்கொடுத்துவிடும். உன் எண்ணுக்கு ஆறு வர வேண்டும். நீ நான்கு போட்டிருக்கிறாய். கை தவறியிருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துபார்த்தேன். லென்ஸ் பவர் எழுதிப் பழகிய கை உன்னுடையது. உன் ஏழுக்குத் தலையில் கோடும் இடுப்பில் கோடும் இருக்கும். ஏழு ஒன்றாகிவிடாது.

என்னிடம் மூன்று எண்கள் இருக்கின்றன. அதில் ஒன்று 31084672-4. நீ அட்டையில் இருந்ததைப் பார்த்து எழுதி, ஏழு என்ற ஓர் இலக்கத்தை மட்டும் ஒன்றாக்கியிருக்கிறாய். அப்படியானால் உனக்குத் தெரியும். தெரிந்துதான் மறைத்தாய்.

இதை வெளியில் பேசக்கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வாங்கட்டும். பிப்ரவரி 20 அன்று லேபில் லைன் தகராறு. ஃபைல் சொட்டுச் சொட்டாக வந்தது. முப்பத்தேழு எண்கள் வர வேண்டிய பட்டியலில் பத்தொன்பது வந்ததுமே வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டான். ஃபைல் இருக்கிறதா என்றுதான் பார்த்தான், முடிந்துவிட்டதா என்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று சொன்னவள் நான். மிச்சம் பதினெட்டு சந்தேகப் பைகளுக்கும் "போகலாம்" என்று முத்திரை விழுந்தது. நான்கு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். பதினைந்து பைகள் எங்கள் குளிர்பெட்டியிலேயே இருந்தன. மூன்று போய்விட்டன.

அந்த மூன்றில் ஒன்று உன் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. கல்லீரலை அரிக்கும் கிருமி இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு நிறுத்திய பை. சந்தேகம் என்றால் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பல தடவை பொய் எச்சரிக்கையாகவே முடியும். இதை எனக்கே தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, கொசு. உள்ளதை எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று நலம் என்று எழுதவில்லை. நீ நம்பமாட்டாய்.

மார்ச் 2ஆம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்கு ஆள் வந்தது. டாக்டர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்கள். யார் தவறு, எப்படி நடந்தது என்றெல்லாம் சொல்லவில்லை. வெளியே வந்தபோது சிஸ்டர் உன் கடிதத்தைக் கொடுத்தார். மாடிப்படியில் நின்று படித்தேன். பை எண் வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஜனவரியில் நீ எழுதிய வாட்ச்மேன் கதை ஞாபகம் வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆமாம், உன் கடிதம் இரண்டு வாரம் என் சட்டைப் பையில் இருந்தது. உன்னிடம் எந்த எண்ணைச் சொல்வது என்று இரண்டு வாரமும் யோசித்தேன். நான் ஒருவன் முணுமுணுத்தேன் என்றுதானே நீ அந்தப் பத்து நிமிடத்தை எடுத்தாய்? வேறு எண்ணைச் சொன்னால், "நல்லவேளை, தம்பி இல்லை" என்று நீ மூச்சு விடுவாய் என்று நினைத்தேன். ஒரு பொய் சொல்லக்கூட எனக்குத் துப்பில்லை. கணக்கு என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

உனக்குப் பயம் என்றாய். எனக்கும்தான். காலையில் எழுந்ததும் கண்ணின் வெள்ளை மஞ்சளாகிறதா என்று கண்ணாடியில் பார்க்கிறேன். கடையில் வாடிக்கையாளரின் கண்ணைப் பார்க்க வேண்டியவன், அவர் பின்னால் இருக்கும் கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா குடிக்கிற டம்ளரை நான் தொடுவதில்லை. தனியாக ஒன்று வைத்திருக்கிறேன். ஏனென்று கேட்டதற்கு, "உன் டம்ளர்ல சோப்பு வாசனை" என்று சண்டை போட்டேன். அம்மா முகம் சின்னதாகிவிட்டது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை இந்த நாற்காலி. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இதில் உட்கார்ந்து, தொங்குகிற பையைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டத்தான் வேண்டும். இது வேண்டாம் என்றால் அடுத்த மாதம் நான் இல்லை. முன்பு பையைப் பார்த்தால் பசி தீரும் மாதிரி இருக்கும். இன்று சிஸ்டர் ஊசியைக் கொண்டுவந்தபோது கையை இழுத்துக்கொண்டேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆறு வாரச் சோதனைக்கு இன்று ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அதில் தெரியாவிட்டாலும் நிச்சயமில்லை, பன்னிரண்டு வாரத்தில் எடுப்பதுதான் முடிவு என்கிறார்கள். மே 18.

அம்மாவிடம் மூச்சு விடாதே.

கொசு

ஏப்ரல் 14

அன்புள்ள கொசுவுக்கு,

நேற்று ஃபோனில், "எல்லாம் சரியா இருக்காம்" என்று இழுத்தாயே, ஆறு வாரச் சோதனையைத்தான் சொன்னாய் என்று புரிந்துகொண்டேன். சந்தோஷப்பட்டேன். ஒரு மணி நேரம்தான். அப்புறம், இதுவும் எனக்காகச் சொன்னதோ என்று தோன்றிவிட்டது. என்னை மன்னித்துவிடு, உன் வாயிலிருந்து வரும் நல்ல செய்தியை நம்ப முடியாதவளாகிவிட்டேன்.

விசாரணை நடந்தது. ஐந்து பேர் மேஜைக்கு அந்தப் பக்கம். "பத்து நிமிஷத்த யார் எடுத்தது, எதுக்காக?" என்றார்கள். மேலாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்டுகளிலிருந்து புகார் வந்தது என்று சொல்லியிருக்கலாம், பொய்யும் ஆகாது. என் தம்பி குளிரில் நடுங்கினான், அதனால் எடுத்தேன் என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இப்போது என்னை ஷெட்யூலர் பக்கமே விடுவதில்லை. பழைய பதிவேடுகளை அடுக்குகிறேன். பத்து நிமிடத்தைத் திரும்ப வைத்துவிட்டார்கள். அதோடு, அனுப்பி முடித்ததும் லேபிலிருந்து "முடிந்தது" என்று இரண்டாவதாக ஒரு சின்ன ஃபைல் வந்தால்தான் கதவு திறக்கும். முதலிலேயே நான் செய்திருக்க வேண்டியது அது. அரை நாள் வேலை.

போன மூன்று பைகளில் இரண்டுக்கு ரத்தம் கொடுத்தவர்களை வரவழைத்து மறுபடி சோதித்தார்கள். இரண்டுமே பொய் எச்சரிக்கை. முகம் தெரியாத அந்த இரண்டு பேருக்காக நான் கழிவறையில் போய் அழுதேன். மூன்றாவது ஆள் வீடு மாறிப் போய்விட்டார். விலாசமும் இல்லை, ஃபோனும் வேலை செய்யவில்லை. அந்தப் பை எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பதிவேட்டை அடுக்கும்போதெல்லாம் மே 18 என்ற தேதிதான் கண்ணில் நிற்கிறது. அம்மாவிடம் டம்ளருக்காகச் சண்டை போடாதே. அப்படியெல்லாம் அது ஒட்டாது.

அக்கா

மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு தேவலையா? ஃபோனில் உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது.

18ஆம் தேதி ரத்தம் எடுத்தார்கள். இன்று முடிவைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். டாக்டர் ஊரில் இல்லை, திங்கட்கிழமை வந்து பாருங்கள் என்றார்கள். கவரோடு தபால் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். விரலை இரண்டு தடவை ஒட்டுக்குள் விட்டேன். முடியவில்லை.

பயம் பாதிக் காரணம். மீதி இது: நான் திறந்து பார்த்து, நல்லதாகவே இருந்து, அதை எழுதினாலும் நீ நம்பமாட்டாய். ஒரு தடவை எண்ணை மாற்றியவன் சொல்வதை எப்படி நம்புவாய்? ஆயுசு முழுக்க என் ஒவ்வொரு இருமலுக்கும் நீ சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பாய். அதனால் ஒட்டுப் பிரியாத கவரை அப்படியே இதோடு வைத்து ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். முதலில் நீ படி. படித்ததும் ஃபோன் செய். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, வீட்டில்தான் இருப்பேன்.

எதுவாக இருந்தாலும் எடுத்தவுடன் சொல்லிவிடு. சுற்றி வளைக்காதே.

கொசு

மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். இதை எழுத எனக்கு இன்று முழு உரிமை உண்டு.

நேற்று நீ ஃபோனை வைத்த பிறகு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாதே, அதற்குத்தான் இந்தக் கடிதம். இதை வார்டில் இல்லை, நம் வீட்டு மேஜையில் உட்கார்ந்தே எழுதுகிறேன். இனி ஒளிவுமறைவு இல்லை.

ஃபோன் அடித்தபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வழக்கம்போல ஸ்பீக்கர். நான் சுவர் ஓரம் நின்றிருந்தேன். எடுத்தவுடன் நீ, "ஒண்ணுமில்லடா" என்றாய். அக்கா, நீ எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. நம் வீட்டில் யாராவது ஒண்ணுமில்லை என்றால் பெரிதாக என்னவோ இருக்கிறது என்று அர்த்தம். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றும் அதைத்தானே சொன்னோம்.

"தாள்ல இருக்கறத அப்படியே படி" என்றேன். "அம்மா இருக்காங்கடா" என்றாய். "இருக்கட்டும். படி."

நீ படித்தாய். என் பெயர், வயது, ரத்தம் எடுத்த தேதி, கிருமியின் பெயர், "காணப்படவில்லை". அடுத்த கிருமி, "காணப்படவில்லை". நீ அழுததில் பாதி வார்த்தை புரியவில்லை. அம்மாவின் கை கீரையிலேயே நின்றுவிட்டது. "கடைசி வரிய இன்னொரு தடவ படி" என்று அம்மா கேட்டாள் அல்லவா, அப்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ வைத்துவிட்டாய்.

அம்மா எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "எத்தன நாளா?" என்றாள். "மூணு மாசம்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், பை, பத்து நிமிடம், மாற்றிய எண், டம்ளர் வரைக்கும். நின்றுகொண்டே கேட்டாள். கேட்டு முடித்து, ஓங்கி ஓர் அறை விட்டாள் பார், காது கிர்ரென்றது.

இருபத்தேழு வயதில் நான் வாங்கிய முதல் அடி. சின்ன வயதில் நீ கரண்டியால், விசிறியால், கைக்குக் கிடைத்ததால் எல்லாம் வாங்கியிருக்கிறாய். என் மேல் மட்டும் அம்மாவின் விரல் பட்டதில்லை. நான் கண்ணாடிக் குடுவையை உடைத்தபோதுகூட உன்னைத்தான் அடித்தாள். எனக்கு அதில் எத்தனை பொறாமை தெரியுமா உன் மேல்?

அப்புறம் என் டம்ளரில் தண்ணீர் எடுத்துப் பாதி குடித்துவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினாள். உனக்கும் ஒரு அறை பாக்கி இருக்கிறதாம், லீவு போட்டுவிட்டு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

கன்னம் இன்னும் எரிகிறது. அடித்தால் இவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நேற்று அம்மாவுக்குத் தோன்றவே இல்லை, அக்கா.

உன் தம்பி,
கொசு